சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கு மாறினால் சுகர் குறையுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அம்மாவுக்கு 58 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி கடைசியாகப் பார்த்தபோது 8.4. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். வீட்டில் சீனி டப்பாவையே எடுத்துவிட்டார்கள். காபிக்குக் கருப்பட்டி, இஞ்சிச் சாறுக்குத் தேன், பலகாரத்துக்கு நாட்டுச்சர்க்கரை. "எல்லாம் இயற்கைதானே, பயமில்லாமல் கொடுக்கலாமா? சீனித்துளசி என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் ஆகிய ஐந்தையும் உங்கள் அம்மாவின் ரத்தம் சர்க்கரையாகத்தான் பார்க்கும். சீனிக்கு என்ன கணக்கோ அதே கணக்கு இவற்றுக்கும். சீனித்துளசி வேறு வகை, அதற்குத் தனியாக வருகிறேன். இருபது வருடமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேராவது இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். (நான் தென் மாவட்டம். வெள்ளையாக இருப்பதைச் 'சீனி' என்றே எழுதுகிறேன். 'சர்க்கரை' என்றால் நோயா, ரத்தத்தில் இருப்பதா, டப்பாவில் இருப்பதா என்று குழம்பிவிடும்.)

கருப்பட்டியிலிருந்தே தொடங்கலாம். பனையேறி பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது உட்புறம் சுண்ணாம்பு தடவுவார். தடவாவிட்டால் கலயத்தில் சொட்டுகிற சாறு பொழுது ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். அந்தச் சாற்றில் இருக்கும் இனிப்பு சுக்ரோஸ். ஈஸ்ட் அதை உடைத்துச் சாராயமாக மாற்றாமல் சுண்ணாம்பு தடுக்கிறது. அதாவது பதநீர் பதநீராக இருப்பதே அதிலுள்ள சுக்ரோஸ் கெடாமல் இருப்பதால்தான். அந்தப் பதநீரைத்தான் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் வார்க்கிறார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் பிடிக்கும். தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது, மிஞ்சியதில் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனி ஆலையில் கரும்புச் சாற்றிலிருந்து பிரித்தெடுப்பதும் இதே சுக்ரோஸைத்தான். மரம் வேறு, நிறம் வேறு, வாசம் வேறு. மூலக்கூறு ஒன்று.

சிறுகுடலுக்குப் போனதும் சுக்ரோஸை ஒரு நொதி இரண்டாக வெட்டும். ஒரு பாதி குளுக்கோஸ், அது நேரே ரத்தத்தில் ஏறும். மறுபாதி ஃப்ரக்டோஸ், அது கல்லீரலுக்குப் போகும். இது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று அந்த நொதிக்குத் தெரியாது.

"கருப்பட்டியில் சத்து இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். வெல்லத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் சுமார் இரண்டரை மில்லிகிராம் இரும்புச் சத்து என்று பழைய உணவு அட்டவணைகள் சொல்கின்றன. ஒருவர் ஒரு நாளில் 10 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது கால் மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19. வெல்லத்தை நம்பி அந்தப் பெண் இந்த அளவை எட்ட வேண்டுமானால் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். கீரையும் பயறும் கொண்டைக்கடலையும் செய்ய வேண்டிய வேலையை வெல்லத்தின் தலையில் கட்டுகிறோம். சீனியைவிடக் கருப்பட்டி சத்தானது என்பது உண்மை. ஆனால் சீனியில் சத்து சைபர். சைபரைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதை வைத்துக்கொண்டு சர்க்கரை நோயாளிக்கு அனுமதிச் சீட்டு எழுத முடியாது.

இன்னொன்று, கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பொட்டாசியம் கணிசமாக உண்டு. ஆரோக்கியமானவருக்கு அது நல்லது. நீண்ட நாள் சுகரால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, கிரியாட்டினின் ஏறி, டாக்டர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னவருக்கு அதே சத்து தொந்தரவாகும். அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

சரி, அடிக்கடி கேட்கிற அடுத்த வாதம்: "கருப்பட்டிக்கு கிளைசெமிக் இண்டெக்ஸ் கம்மி, 35தான்." இந்த 35 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அந்த எண் தேங்காய்ச் சர்க்கரையுடையது, அதாவது தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது. பிலிப்பைன்ஸ் நாட்டின் உணவு, ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சிறிய சோதனை செய்து 35 என்று சொன்னது. பின்னால் ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தில் அளந்தபோது 54 வந்தது. ஒரே பண்டத்துக்கு இவ்வளவு வித்தியாசம். நடுவில் யாரோ அந்த 35ஐத் தூக்கிப் பனங்கருப்பட்டி பாக்கெட்டில் ஒட்டிவிட்டார்கள்.

அந்த இண்டெக்ஸ் என்பதே என்ன என்று தெரிந்தால் இவ்வளவு மயக்கம் வராது. வெறும் குளுக்கோஸ் குடித்தால் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அதை 100 என்று வைத்துக்கொண்டு, அதே அளவு மாவுச்சத்துள்ள மற்ற உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒப்பிடுவது. சீனியின் எண்ணே சுமார் 65தான்! வெள்ளை பிரெட்டும் பல வகைப் பச்சரிசிச் சோறும் 70ஐத் தாண்டும். சீனியில் பாதி ஃப்ரக்டோஸ், அது கல்லீரலுக்குப் போய்விடுவதால் ரத்தக் குளுக்கோஸ் கணக்கில் வராது, அதனால்தான் எண் இறங்கித் தெரிகிறது. கல்லீரலுக்குப் போனது மாயமாகிவிடவில்லை. அளவு மீறினால் அங்கே கொழுப்பாக மாறும். சர்க்கரை நோயாளிகளில் ஏராளமானவர்களுக்கு ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, ஸ்கேன் எடுத்தால் தெரியும். ஆகவே "இண்டெக்ஸ் கம்மி" என்று சொல்லி எதை விற்றாலும், எத்தனை கிராம் சாப்பிடப் போகிறோம் என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கிராம் என்றதும் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். ஊர், பேர் வேண்டாம். ஓய்வு பெற்ற மனிதர், அறுபதைத் தாண்டியவர், மிகக் கட்டுப்பாடானவர். "அம்மா, நான் சீனியைக் கண்ணால் பார்த்து ஆறு மாசம் ஆச்சு. அப்படியும் எச்.பி.ஏ.1சி 7.6லிருந்து 8.9 ஆயிருக்கு, மாத்திரை வேலை செய்யலையோ?" என்று வருத்தத்தோடு வந்தார். நாளைக்கு மூன்று வேளை கருப்பட்டிக் காபி. எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டேன். "சின்னத் துண்டுதான்" என்றார். அடுத்த தடவை அந்தச் சின்னத் துண்டைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் மனைவி காகிதத்தில் மடித்து மூன்று துண்டு கொண்டுவந்திருந்தார். மேசையில் இருந்த சமையல் தராசில் வைத்தோம். 17, 19, 18 கிராம்.

தராசைப் பார்த்து அவர் ஒன்றும் பேசவில்லை. கணக்கை நான்தான் போட்டேன். ஒரு துண்டு 18 கிராம் என்றால் அதில் சுமார் 15 கிராம் சர்க்கரை. மூன்று காபிக்கு 45 கிராம். முன்பு சீனி போட்ட காலத்தில் எத்தனை ஸ்பூன் என்று கேட்டேன். "ஒரு ஸ்பூன்தான், அதுவும் தலை தட்டி." அப்படியென்றால் ஒரு காபிக்கு 5 கிராம், நாளைக்கு 15. சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறியதில் அவர் சாப்பிட்ட சர்க்கரை மூன்று மடங்காகியிருந்தது. அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. கருப்பட்டி சீனி அளவுக்குச் சுள்ளென்று இனிக்காது, நாக்கு கேட்கிற வரை போடுவோம். மேலும் 'இது நல்லது' என்று நம்பிப் போடும்போது கை தாராளமாகும். காபியில் இனிப்பை நிறுத்தியதும், வேறு எதையும் மாற்றாமலேயே, அடுத்த மூன்று மாதத்தில் அவருடைய எண் இறங்கியது.

நீங்களும் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது இது. அம்மா காபியில் போடுகிற துண்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள். வீட்டில் தராசு இல்லையென்றால் தெரு முனை மளிகைக் கடைக்காரர் நிறுத்துத் தருவார்.

நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் கரும்பின் பிள்ளைகள். மேலே சொன்னது அப்படியே பொருந்தும், திரும்பச் சொல்லவில்லை. பனங்கற்கண்டு கருப்பட்டியைவிடவும் சுத்தமான சுக்ரோஸ் படிகம். இருமலுக்கு மிளகுப் பாலில் ஒரு சிட்டிகை போடுவது பெரிய விஷயமில்லை. தினமும் பாலில் போட்டுக் குடித்தால் சீனிப் பாலுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

தேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேன் மேல் நமக்கு இருப்பது பாசம், கிட்டத்தட்ட பக்தி. தேனில் ஏறக்குறைய 38 சதவீதம் ஃப்ரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 அல்லது 18 சதவீதம் தண்ணீர். கொஞ்சம் நொதிகள், கொஞ்சம் மணம் தரும் பொருள்கள். ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம் எடை, அதில் 17 கிராம் சர்க்கரை. சீனியில் மூன்றரைத் தேக்கரண்டி. தேன் சுகரைக் குறைக்கும் என்று சொல்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2009 இல் ஈரானிலிருந்து வெளிவந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 48 பேர், எட்டு வாரம். தேன் சாப்பிட்டவர்களுக்கு எடையும் கொழுப்பு அளவுகளும் கொஞ்சம் நல்ல பக்கம் நகர்ந்தன. ஆனால் எச்.பி.ஏ.1சி ஏறியிருந்தது. தேனுக்கு நல்ல குணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயில் நாம் எதைக் குறைக்கப் பாடுபடுகிறோமோ, அதை அது கூட்டுகிறது.

அதிலும் கடைத் தேன் தேன்தானா என்பது வேறு கேள்வி. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்தது. பாகு கலப்பைக் கண்டுபிடிக்கும் அணுக்காந்த ஒத்ததிர்வுச் (என்.எம்.ஆர்.) சோதனையில் தேறியவை மூன்றுதான். மற்றவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருந்ததாக அந்த மையம் சொன்னது. கருப்பட்டியிலும் சீனியைக் கரைத்துக் காய்ச்சி வார்க்கிறார்கள், உணவுப் பாதுகாப்புத் துறை பிடிப்பதை அவ்வப்போது செய்தியில் பார்க்கிறோம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்தப் பெயரில் எத்தனை போலி விற்கிறது என்று நினைத்தால் பனையேறுகிற குடும்பங்களுக்காக மனம் வலிக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "அசல் கருப்பட்டியென்றால் சுகர் ஏறாது, கலப்படம்தான் ஏற்றும்" என்பது தவறு. அசலும் ஏற்றும்.

"எங்கள் தாத்தா தினம் கருப்பட்டி தின்று 90 வயது வரை இருந்தார்" என்பதும் கேட்டுக் கேட்டுப் பழகியது. உங்கள் தாத்தா பொய்யில்லை. முப்பது நாற்பது மரத்தைக் காலையும் மாலையும் ஏறி இறங்கியவர், அல்லது நாள் முழுக்க ஏர் பிடித்தவர், கடித்துத் தின்ற கருப்பட்டியைத் தசை அப்போதே எரித்துவிடும். இன்சுலினுக்கு அங்கே பெரிய வேலையே இல்லை. அவர் பேரன் கணினி முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து அதே கருப்பட்டியைச் சாப்பிடுகிறான். 2023 இல் வெளியான இந்திய அளவிலான பெரிய ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், ஏழு பேரில் ஒருவர். தாத்தாவின் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தாத்தாவின் உழைப்பை விட்டுவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 'தனிச் சர்க்கரை' என்று ஒரு வகையைச் சொல்கிறது. சீனி, தேன், பாகு, பழச்சாறு எல்லாம் அதில் ஒரே பட்டியல். மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே வையுங்கள், ஐந்துக்குக் கீழே வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. இது நோயில்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான். பழச்சாறு அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு டம்ளர் கரும்புச் சாறு, ஒரு டம்ளர் பதநீர் இரண்டிலும் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். பழம் வேறு. கொய்யாவையோ பாதி ஆப்பிளையோ மென்று தின்னும்போது நார்ச்சத்து வேகத்தைக் குறைக்கும். பேரீச்சம்பழமும் அப்படித்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2011 இல் ஐந்து வகைப் பேரீச்சையைச் சர்க்கரை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், இண்டெக்ஸ் 43 முதல் 53க்குள் இருந்தது. ஆக, ஒன்று அல்லது இரண்டு சிறிய பழம் சாப்பிடலாம். ஆனால் பேரீச்சை சிரப் என்று பாட்டிலில் வருவது பழமல்ல, பாகு.

இப்போது சீனித்துளசி, அதாவது கடையில் ஸ்டீவியா என்று விற்பது. பராகுவே நாட்டுச் செடி. அங்குள்ள குவாரானி மக்கள் நெடுங்காலமாகத் தங்கள் மாத்தே தேநீரில் போட்டுக் குடித்து வந்தார்கள். ஜப்பானில் 1970களிலிருந்தே புழக்கத்தில் உண்டு. இந்தியாவில் அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்புப் பொருளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் அனுமதித்தது. இலையில் இருக்கும் ஸ்டீவியால் கிளைகோசைடு என்ற பொருள் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். அது சர்க்கரையே அல்ல, அதனால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஒரு நாளைக்கு எவ்வளவு வரை பாதுகாப்பானது என்பதற்குச் சர்வதேச வரம்பு உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்த வரம்பைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 25 தேக்கரண்டிச் சீனியின் இனிப்புக்குச் சமம். யாரும் அவ்வளவு போட்டுக் குடிக்கப் போவதில்லை. சீனாவின் தென்பகுதியிலிருந்து வரும் மாங்க் ஃப்ரூட் சாறும் இதே போல்தான். உங்கள் அம்மாவுக்கு இனிப்பில்லாமல் காபி இறங்கவே இறங்காது என்றால், இந்த இரண்டில் ஒன்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். கடைசியில் லேசான கசப்பு தட்டும், சிலருக்குப் பிடிக்காது.

ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். இவ்வளவு இனிப்பான பொருளை ஸ்பூனில் அள்ள முடியாது, அதனால் பருமனுக்கு வேறு ஏதாவது கலப்பார்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் அது குளுக்கோஸேதான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது சீனியைவிட வேகமாக ஏறும். ஒரு பாக்கெட்டில் ஒரு கிராம் என்றால் பரவாயில்லை, பாயசத்துக்குப் பத்து பாக்கெட் கொட்டினால் கணக்கு மாறும். எரித்ரிட்டால் கலந்ததும் நிறைய விற்கிறது. அது சுகரை ஏற்றாது. ஆனால் 2023 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் குழுவினர், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமிருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். 30 கிராம் குடித்த ஆரோக்கியமானவர்களுக்கே, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் போக்கு கூடியதை 2024 இல் காட்டினார்கள். அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. இருந்தாலும் இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிக்கு நான் அதைத் தருவதில்லை. சுத்தமான ஸ்டீவியா சொட்டு மருந்து மாதிரி சிறு பாட்டிலில் கிடைக்கிறது, அது போதும்.

அதே 2023 இல் உலக சுகாதார நிறுவனம் "எடை குறைப்பதற்காக இவ்வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம்" என்றது, ஸ்டீவியாவும் அதில் சேர்த்தி. அதைப் படித்துவிட்டுப் பயந்து போய் என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

அதிமதுரம் மெல்பவர்கள் உண்டு. அதுவும் இயற்கை, சுகரை ஏற்றாது. ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கிவிடும். பிரஷர் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்கள் தினமும் எடுக்கக் கூடாது.

"அப்படியென்றால் கருப்பட்டி பக்கமே போகக் கூடாதா?" இல்லை. எச்.பி.ஏ.1சி 7க்குப் பக்கத்தில் இருப்பவர், நாளைக்கு ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது 5 கிராம், எந்த இனிப்பையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக ஒரு வாய்ச் சோற்றையோ அரை இட்லியையோ குறைக்க வேண்டும். அந்த 5 கிராம் சீனியா கருப்பட்டியா என்றால் கருப்பட்டியாகவே இருக்கட்டும், வாசமாவது கிடைக்கும், பனைத்தொழிலும் பிழைக்கும். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைத் தேநீரில் கரைக்காமல் ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன் டீ குடிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் அது. கரைத்துவிட்டால் எவ்வளவு போனது என்று தெரியாது. கடித்துக் குடித்தால் ஒரு சுண்டுவிரல் நகம் அளவே ஒரு கோப்பைக்கு வந்துவிடும்.

உங்கள் அம்மாவுக்கு 8.4. இப்போதைக்குத் தினசரிக் காபியில் எந்தச் சர்க்கரையும் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடுவார், அதனால் வாரத்துக்கு வாரம் அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும், அதன் பிறகு பழைய காபியைக் கொடுத்தால் "என்ன இவ்வளவு இனிப்பா?" என்று அவரே கேட்பார். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலை யாரும் பிடுங்க வேண்டாம். வெறும் வயிற்றில் கொடுக்காமல், காய்கறியும் சுண்டலும் சாப்பிட்ட பிறகு இரண்டு ஸ்பூன் கொடுங்கள். சோற்றை அன்றைக்குக் குறையுங்கள். சாப்பிட்டதும் கால் மணி நேரம் வீட்டு வாசலிலேயே நடக்கட்டும். அதிரசம், கடலை உருண்டைக்குச் சீனித்துளசி உதவாது, அதில் பாகு வராது. பாயசத்துக்கும் பாலுக்கும் உதவும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டு மீட்டரில் பார்த்துவிடுங்கள். இரண்டு நாள், ஒரே காலை உணவு: மூன்று இட்லி, சாம்பார். ஒரு நாள் இனிப்பில்லாத காபி, ஒரு நாள் வழக்கமான கருப்பட்டிக் காபி. சாப்பிடுவதற்கு முன், ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து என்று குத்திப் பாருங்கள். மொத்தம் ஆறு ஸ்ட்ரிப். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். கருப்பட்டி தொட்ட விரலில் பார்த்தால் இல்லாத சுகரும் ஏறித் தெரியும், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. சாப்பிட்ட பின் 180ஐத் தாண்டாமல் இருக்கிறதா, இரண்டு நாளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அந்த மாத்திரையின் பெயர். அதிலுள்ள கிளிமிபிரைடு, சாப்பாடு தள்ளிப்போனால் சுகரை 70க்குக் கீழே இறக்கிவிடக்கூடியது. வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், கண் இருட்டுவது வரும். அந்த நேரத்தில் இனிப்புதான் மருந்து. நம் வீடுகளில் உடனே ஒரு துண்டு வெல்லத்தையோ ஒரு வாய்ச் சீனியையோ கொடுப்போம். ஆனால் அதே மாத்திரையில் வோக்லிபோஸும் இருக்கிறது. சுக்ரோஸை வெட்டுகிற நொதியென்று மேலே சொன்னேனே, வோக்லிபோஸ் அதைத்தான் முடக்குகிறது. எனவே சீனி, வெல்லம், கருப்பட்டி எதைக் கொடுத்தாலும் வேண்டிய வேகத்தில் ரத்தத்துக்குப் போகாது. சீனித்துளசியில் ஏற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. தேன் ஓரளவு பரவாயில்லை, அதில் குளுக்கோஸ் கொஞ்சம் பிரிந்தே இருக்கிறது. சரியானது மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி.

ஒரு பாக்கெட் வாங்கி அடுப்படியில் ஒன்று, அம்மாவின் கைப்பையில் ஒன்று என்று பிரித்து வையுங்கள். மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை கொடுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ சாப்பிடட்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, 108ஐக் கூப்பிடுங்கள்.